ஏழாவது ஆளுக்கு இடமில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டு எழுதுவது. இங்கே நானும் அவரும் குழந்தையும் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது. இனி சண்டை.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அலுவலக மெயிலில் எழுதினால் மணிக்கூண்டு படிப்பார். (மேலாளரை இப்படி எழுதலாமா என்று கோபிக்காதீர்கள். பெயர் வைத்தவரே நீங்கள்தான்.) போன் செய்தால், பேச்சு சூடாகும் இடத்தில் "இந்தாங்க, உங்க தங்கச்சி" என்று போனை அண்ணன் கையில் திணித்துவிடுகிறீர்கள். அண்ணன் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறார். நான் "சாப்ட்டேன்" என்கிறேன். அத்தோடு முடிந்தது. காகிதத்தை அவரிடம் நீட்டினால், அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்களே படித்துவிடுவீர்கள்.

விஷயம் இதுதான். கட்டப்போகும் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் மாடலில் மூன்றாவது மாடியைத் திறந்தால் என் திரை உறைந்துவிடுகிறது. ஆபரேஷன் அறைகளுக்கு மேலே போகும் காற்றுக் குழாய், ஆக்சிஜன் பைப், தண்ணீர் பைப் எல்லாம் அந்த மாடியில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றை வரைவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மாடலைத் திருப்பிப் பார்க்கலாம் என்று மவுசை அசைத்தால் முதலில் நிறங்கள் போகின்றன. பிறகு சுவர்கள். பிறகு திரையே கறுப்பாகி, "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது. மறுபடி உள்ளே நுழைந்தால், சேமிக்காமல் விட்டதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

என் வீட்டில் இருப்பது ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ். மாடல் ஓடுவது அலுவலகத்தில் உங்கள் அறையில் இருக்கும் பெரிய கணினியில், அந்தச் சர்வரில். நான் இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதை எட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் எத்தனை முறை புகார் போட்டாலும் உங்களிடமிருந்து ஒரே பதில்: "பயனர் தம் வீட்டு இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்." புகார் மூடப்படுகிறது.

சரிபார்த்தேன் அண்ணி. இணைப்பு கொடுக்கும் கம்பெனியை மாற்றினேன். மோடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மேசையை வாசல் கதவருகே, செருப்பு விடும் இடத்துக்கு இழுத்துப் போட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் என் முதுகில் இடித்துக்கொண்டுதான் செருப்பு மாட்டுகிறார்கள். குழந்தை பொம்மைப் படம் பார்ப்பதை நிறுத்தினேன். "நீ படம் பாத்தா அம்மாவுக்கு வேலை போயிடும்" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்னேன். இப்போது அவள் டேப்லெட்டைத் தொடுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.

என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மணிக்கூண்டு மாதக் கடைசியில் முடிவு செய்யப்போகிறார். "வேகம் போதல" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அடுத்த வியாழன் மருத்துவமனைக்காரர்களுக்கு மூன்றாவது மாடியைச் சுற்றிக் காட்ட வேண்டியது நான். அதற்குள் சரிசெய்து கொடுங்கள். இதை உங்களை அண்ணியாக நினைத்துக் கேட்கவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவராக நினைத்துக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு
வாண்டு

---

பிப்ரவரி 7

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணனிடம் நீட்டினேன். நீ சொன்ன மாதிரியே கண்ணாடியைத் தேடினார். கடைசியில் அது ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அதற்கும் நான்தான் காரணமாம்.

சண்டை என்று சொல்லிவிட்டாய். சரி, நானும் என் பங்கைச் சொல்கிறேன்.

புகார் போடும்போது "அண்ணி கவனத்துக்கு" என்று இனி எழுதாதே. போன வாரம் அப்படி எழுதினாய். கணக்குப் பிரிவு குண்டூசி எங்கிருந்தோ அதைப் படித்துவிட்டு, காபி மிஷின் பக்கத்தில் எல்லோர் முன்னாலும், "ஓஹோ, ஃபேமிலி சப்போர்ட்டா? நமக்கெல்லாம் ஒரு நாத்தனார் இல்லாமப் போச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நான் குடித்தது காபியா வெந்நீரா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை நேர்காணல் செய்த அன்று நான் அந்த மாடியிலேயே இல்லை. பேச்சு வரக்கூடாது என்று வேண்டுமென்றே லீவு போட்டேன். உனக்கு இது தெரியாது.

அடுத்தது. வேலை முடிந்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்து போகிறாய். அது விண்டோவை மூடும், உன்னை வெளியேற்றாது. நீ போன பிறகும் உன் செஷன் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது, மாடலைத் திறந்தபடி, மெமரியைப் பிடித்தபடி. அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற மாதிரி. சின்ன வயதில் நீ குழாயை மூடாமல் போவாய், தொட்டி காலியாகும், அடி தனக்கு விழும் என்று உன் அண்ணன் சொல்கிறார். "சைன் அவுட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பழகு.

வியாழக்கிழமை காற்றுக் குழாய், பைப் என்று அப்போதைக்கு வேண்டாத அடுக்குகளை மறைத்து வைத்துவிட்டுக் காட்டு. மாடலைப் பம்பரம் மாதிரி சுழற்றாதே. நானும் இங்கே பார்க்கிறேன்.

மேசையைச் செருப்பு விடும் இடத்தில் போட்டது பைத்தியக்காரத்தனம். உள்ளே தூக்கிப் போடு.

அன்புடன்
அண்ணி

---

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். இருந்தாலும் என் திரையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அடுக்குகளை மறைத்து வைத்திருந்தேன். மெதுவாகத்தான் நடத்திக்கொண்டு போனேன். மருத்துவமனைத் தலைமை டாக்டர் நல்ல மனிதர், ஒவ்வொரு கதவையும் எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டாவது ஆபரேஷன் அறைக்கு வந்ததும், "அந்த ஆக்சிஜன் பைப் எங்கம்மா போய் முடியுது? மேல காட்டுங்க" என்றார். கேட்டால் காட்டத்தானே வேண்டும்? மறைத்த அடுக்கைத் திறந்தேன். நிறம் போனது. "அய்யய்யோ, செவுரு போச்சே" என்று யாரோ சிரித்தார்கள். பிறகு கறுப்பு.

குரல் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மணிக்கூண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல இருந்து வேலை பாக்கறவங்களோட இதான் சார் தொல்லை. நெட்டு ஒழுங்கா இருக்காது. நாம இங்க உக்காந்து கறுப்புத் துணியப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பிறகு என்னோடு மாடல் வரைகிற சுருட்டையைக் காட்டச் சொன்னார். அவள் அதே மாடலைத் திறந்து, ஓர் அடுக்கைக்கூட மறைக்காமல், நீங்கள் வேண்டாம் என்ற பம்பரச் சுழற்று சுழற்றிக் காட்டினாள். அவளும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள், அண்ணி. அவள் வீட்டு நெட் என் வீட்டு நெட்டைவிட மட்டம். மழை வந்தால் அவளுக்குப் போய்விடும்.

கூட்டத்தில் இருந்தவர்கள் வரிசையில் உங்கள் பெயரும் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் மைக் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடியும்வரை அது போகவில்லை.

அன்று சாயங்காலம் சுருட்டை கூப்பிட்டாள்.

"ஏய், உன் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய், கிராபிக்ஸ் மெமரி எவ்ளோ காட்டுதுன்னு பாரேன்."

"ஒரு ஜிபி."

"ஒண்ணா? நல்லாப் பாத்துச் சொல்லுடி."

"ஒண்ணுதான்."

"எனக்கு நாலு. நம்ம டீம்ல எல்லாருக்கும் நாலு. ஒண்ணு குண்டூசிக்குக் குடுக்கறது. கூட்டல் கழித்தல் போட அவருக்கு அது போதும். நீ எப்படி அவர் மடியில போய் உக்காந்த?"

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். எப்படி?

நான் மாடல் வரைகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஜிபியில் அந்த மாடி திறக்காது என்பதும் தெரியும். அந்த மெமரியைப் பங்கு பிரித்ததே நீங்கள்தான். தெரிந்தும் நான் புகார் போட்டபோதெல்லாம் "வீட்டு இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று எழுதினீர்கள். சைன் அவுட் செய் என்று பாடம் நடத்தினீர்கள். நான் வீட்டில் குழந்தையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். தவறு என் வீட்டு நெட்டில் இல்லை, சர்வர் பக்கத்தில்தான் என்று மணிக்கூண்டுக்கு இரண்டு வரி எழுதுங்கள். மாதம் முடிவதற்குள் எழுதுங்கள்.

வாண்டு

---

பிப்ரவரி 19

வாண்டு,

நீ கேட்டுவிட்டாய். நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

சர்வரில், திரைக்குப் படம் வரைந்து அனுப்ப இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கார்டின் மெமரியையும் துண்டு போட்டு, ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுக்க வேண்டும். ஒரே கார்டில் ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது என்று வெட்ட முடியாது. எல்லாத் துண்டும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும். இது கார்டின் விதி. நான் போட்டது இல்லை. மாடல் வரைகிறவர்களுக்கு முதல் கார்டு. அதில் இருபத்துநாலு ஜிபி. நாலு நாலாக வெட்டினால் ஆறு துண்டு. கணக்குப் பிரிவுக்கும் மற்றவர்களுக்கும் இரண்டாவது கார்டு. அங்கே ஆளுக்கு ஒன்று.

நீ சேர்ந்தபோது மாடல் வரைகிறவர்கள் ஏழு பேர் ஆனீர்கள். துண்டு ஆறுதான். ஏழாவது ஆளுக்கு இடமில்லை.

ஒருவரை இரண்டாவது கார்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். யாரை அனுப்புவேன்? சுருட்டையை அனுப்பி அந்த இடத்தில் உன்னை உட்கார வைத்திருந்தால், அலுவலகம் முழுக்க என்ன பேசியிருக்கும்? "நாத்தனாருக்கு நாலு, நமக்கு ஒண்ணு" என்று குண்டூசி பாட்டே கட்டியிருப்பார். அந்த அறையில் பெண்ணாக நான் ஒருத்தி. சர்வரில் ஒரு விளக்கு மினுங்கினால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் வாயிலும் விழாமல் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். வெளியே போகச் சொல்லி யாரிடம் உரிமையோடு கேட்க முடியும்? சொந்தக்காரியிடம்தான் கேட்க முடியும். நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது தப்பாகப் போய்விட்டது.

மைக்கைத் திறந்து நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சார், இவங்களுக்கு நான்தான் குறைச்சுக் குடுத்தேன்" என்றா? ஏன் குறைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். என்ன பதில் சொன்னாலும் நம் வீட்டுக் கதை வெளியே வரும். அந்த இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. கோபித்துக்கொள். நீ கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் செய்துகொள்ளலாம். அலுவலகம் கோபித்துக்கொண்டால் யார் வந்து சமாதானம் செய்வார்கள்?

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மெமரியைக் கடையில வாங்க முடியாதா?" என்றார். பேச்சு வளரும் என்று தெரிந்ததும் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார். துவைத்த துணியே அன்றைக்கு இல்லை.

அண்ணி

---

மார்ச் 1

அண்ணிக்கு,

நிரந்தரம் ஆகவில்லை. மணிக்கூண்டு போனில் சொன்னார்: "வேலை சுத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா வீட்ல வசதி இல்லாம இந்த வேலைய இழுத்துக்கிட்டு இருக்க முடியாது பாருங்க." என் வீட்டில் வசதி இல்லையாம். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் உங்களை இழுத்துவிட வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் செய்யாததை நான் உங்களுக்குச் செய்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் முந்தைய கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது. "நீ கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் செய்துகொள்ளலாம்." அதாவது, அடித்தாலும் இவள் இங்கேதான் கிடப்பாள் என்று தெரிந்தவளைப் பார்த்து அடிப்பது. இதற்கு உரிமை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கடைசி நாள் மூன்றாவது மாடியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அறை அறையாகத் திறந்து, ஒன்றை மூடிய பிறகு அடுத்ததைத் திறந்து, அந்த ஒரு ஜிபிக்குள்ளேயே முடித்தேன். பைப் ஒன்றுகூட இடிக்காது. வேண்டுமானால் சுழற்றிப் பாருங்கள், உங்கள் கார்டில் சுழலும்.

சைன் அவுட் செய்துவிட்டேன். பெருக்கல் குறியை அழுத்தவில்லை. அடுப்பு அணைந்தது. குழாய் மூடியாயிற்று.

வாண்டு

---

ஏப்ரல் 6

என் அன்பு வாண்டுவுக்கு,

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். ஒரு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாய். அவரும் "சாப்ட்டாளாம்" என்று மட்டும் செய்தி சொல்கிறார். குழந்தைக்குப் பல் விழுந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் போட்டோ அனுப்பியிருக்கலாம். நான் என்ன அந்நியமா?

போகட்டும். நல்ல செய்தி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் இடத்துக்கு ஒருவர் சேர்ந்திருக்கிறார். பெரிய கம்பெனியிலிருந்து வந்தவர், நடையே நாற்பது பேரை மேய்க்கிற நடை. உன் பழைய இடத்தில்தான், இரண்டாவது கார்டின் அந்த ஒரு ஜிபியில் உட்கார வைத்தேன். முதல் நாளே திரை கறுப்பாகிவிட்டது. உன்னை மாதிரி புகார் எழுதிக்கொண்டிருக்கவில்லை அவர். நேராக மணிக்கூண்டின் அறைக்குள் போய், "இது என்ன சார், எனக்குக் கணக்கு எழுதற மிஷினக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். மணிக்கூண்டு என்னைக் கூப்பிட்டு, "பாத்துக் குடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு முதல் கார்டை மாற்றி வெட்டினேன். நாலு நாலாக ஆறு துண்டு இருந்ததை, மூன்று மூன்றாக எட்டுத் துண்டு ஆக்கினேன். அரை மணி நேர வேலை. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தேன். நாலிலிருந்து மூன்றாகக் குறைத்தது தெரிந்தால் சுருட்டை வந்து ஆடுவாள் என்று நினைத்தேன். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, வாண்டு! ஒரு புகார் இல்லை. மாடல் எப்போதும்போல் ஓடுகிறது. இத்தனை நாள் எதற்காகப் பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது கணக்குப் பார். பழைய ஆட்கள் ஆறு பேர், புதியவர் ஒருவர். துண்டு எட்டு. எட்டாவது துண்டு காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு மருத்துவமனை வேலை வருகிறது, ஆள் எடுக்கப் போகிறார்கள். மணிக்கூண்டே, "அந்த பைப் போட்ட பொண்ணு வேலை சுத்தமா இருந்துச்சே" என்று நினைவுபடுத்திச் சொன்னார். சர்வர் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன், இனி அவளுக்குச் சிக்கல் வராது என்றேன். தலையை ஆட்டினார்.

விண்ணப்பம் போடு. கோபத்தை மூட்டை கட்டி வை. எட்டாவது துண்டை யாருக்கும் கொடுக்காமல் உனக்காகவே வைத்திருக்கிறேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும்.

குழந்தைக்கு என் முத்தம். பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

என்றும் உன்
அண்ணி

---

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்ல செய்தி என்று எழுதியிருந்தீர்கள். நானும் நல்ல செய்தியாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். உங்கள் மேல் எனக்குப் பிரியம் போய்விடவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டி மாற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மேலே போய் மறுபடி படித்தேன்.

இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆறு துண்டுதான், கார்டின் விதி என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பினேன். எட்டாகவும் வெட்டலாம் என்று எனக்குத் தெரியாது. வேலை போன பிறகும் உங்களுக்காகத்தான் பேசினேன். "உங்கண்ணி பண்ணினது அநியாயம்" என்று இவர் சொன்னபோது, "இடமே இல்லாட்டி அவங்க என்ன செய்வாங்க, யாரையாவது வெளிய நிறுத்தித்தானே ஆகணும்" என்று இவரோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன், உங்களுக்காக.

இடம் இருந்திருக்கிறது. எல்லோரும் ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். நகரச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் முதல் நாள் முகத்தைச் சுளித்ததும் அன்று மாலையே நகர்த்திவிட்டீர்கள். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை எனக்கு ஒதுக்காமல்தான் என்னைச் செருப்பு விடும் இடத்தில் உட்கார வைத்தீர்கள். என் குழந்தை இன்னும் டேப்லெட்டைக் கையில் எடுத்தால், "நெட்டு நிக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். அதற்கும் எங்காவது ஒரு துண்டு இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எதை எழுதியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இதை எழுதியிருக்கக்கூடாது.

விண்ணப்பம் போடவில்லை. இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன். கணினி என் காலடியில் இருக்கிறது. இரைச்சல் போடுகிறது, சூடாகிறது, மெதுவாகத்தான் போகிறது. ஆனால் அதில் இருப்பதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிறது.

எட்டாவது துண்டை எனக்காக வைத்திருக்க வேண்டாம். அடுத்து யார் மணிக்கூண்டின் அறைக்குள் போய்ச் சத்தம் போடுகிறார்களோ, அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணனைப் பார்க்க வருவேன். வராமல் இருக்க மாட்டேன். வந்தால் உங்களிடம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்பேன். "சாப்ட்டேன்" என்று சொல்லுங்கள். அத்தோடு முடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு
உங்கள் கணவரின் தங்கை